ஸ்டேஷன் படியேற அவர்களோடு வாருங்கள்!



பாலியல் தொழில் செய்யும் பெண்ணை அடிக்கிறவன் ஆத்திரத்தில் கண்மண் தெரியாமல் அடிக்கவில்லை. கணக்குப் போட்டுத்தான் அடிக்கிறான். பேசிய பணத்தைக் கொடுக்காமல் விரட்டுகிறவன், நான் ஒருத்தன்தான் என்று சொல்லி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் நாலு பேர் காத்திருக்கும் தோப்பில் இறக்குகிறவன், கத்தியைக் காட்டிக் கம்மலைக் கழற்றுகிறவன், மாமூல் வாங்கியும் போதாமல் கை நீட்டுகிற ஏரியா ரவுடி, இவர்கள் எல்லோர் மனசிலும் ஓடுவது ஒரே கணக்கு: இவள் ஸ்டேஷன் படி ஏற மாட்டாள், ஏறினாலும் அவள் மேல்தான் கேஸ் விழும். இந்தக் கணக்கை நம் ஊரில், நம் மாவட்டத்தில், வருகிற டிசம்பர் 17க்குள் பொய்யாக்கியே தீர வேண்டும். அதற்குத்தான் உங்களை அழைக்கிறேன்.

அந்தத் தேதிக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் சியாட்டில் நகரைச் சுற்றி 1982 தொடங்கிப் பெண்களைக் கொன்று ஆற்றிலும் காட்டிலும் வீசிவந்த கேரி ரிட்ஜ்வே, 2003 நவம்பரில் 48 கொலைகளை ஒப்புக்கொண்டான். பாலியல் தொழில் செய்யும் பெண்களையே தேடிப் பிடித்ததற்கு அவன் சொன்ன காரணம், அவர்கள் காணாமல் போனால் யாரும் சட்டென்று புகார் கொடுக்க மாட்டார்கள் என்பது. அந்த ஆண்டு டிசம்பர் 17 அன்று பாலியல் தொழிலாளர்கள் செத்துப்போன தங்கள் பெண்களுக்காக ஒன்றுகூடினார்கள். அதன்பின் அந்த நாள் பாலியல் தொழிலாளர் மீதான வன்முறைக்கு எதிரான நாளாக உலகெங்கும் கடைப்பிடிக்கப்படுகிறது. நம் ஊரில் அன்றைக்கு மெழுகுவத்தி ஏந்திவிட்டுக் கலைந்தால் போதாது. அதற்குள் நம் கையில் மூன்று காகிதங்கள் இருக்க வேண்டும்: காவல் கண்காணிப்பாளர் கையெழுத்திட்ட உத்தரவு ஒன்று, ஆட்சியர் கையெழுத்திட்ட உத்தரவு ஒன்று, மாமன்றமோ நகர்மன்றமோ நிறைவேற்றிய தீர்மானம் ஒன்று.

முதலில் டெல்லி சட்டத்தை மாற்றட்டும், பிறகு பார்க்கலாம் என்று சொல்லும் தோழர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். 1956ஆம் ஆண்டின் விபச்சாரத் தடுப்புச் சட்டம் மாற வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. வயது வந்த பெண் ஒருத்தி தன் முடிவின்படி தனியாக இந்தத் தொழிலைச் செய்வதை அந்தச் சட்டம் குற்றம் என்று சொல்லவில்லை. ஆனால் அவளைப் பத்திரமாக வைத்திருக்கக்கூடிய ஒவ்வொன்றையும் அது குற்றமாக்கி வைத்திருக்கிறது. இரண்டு பேர் ஒருவருக்கொருவர் துணையாக ஒரே அறையில் தொழில் செய்தால் அந்த அறை விபச்சார விடுதி ஆகிவிடும். பதினெட்டு வயது தாண்டிய மகன் அம்மா சம்பாத்தியத்தில் சோறு தின்றால் அவன் மேல் 4ஆம் பிரிவு பாயலாம். தெருவில் நின்று ஒருவனைக் கூப்பிட்டால் 8ஆம் பிரிவு. முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை சிறை, அடுத்த தடவைக்கு ஓராண்டு வரை. அதே பிரிவில் ஆண் மாட்டினால் ஏழு நாளிலிருந்து மூன்று மாதம்தான். இதெல்லாம் நாடாளுமன்றத்தில் மாற வேண்டியவை. மாறும்வரை போராடுவோம்.

ஆனால் அந்தச் சட்டத்தை இன்று ராத்திரி நடத்துகிறவர் எந்த எம்.பி.யும் இல்லை. நம் ஊர் இன்ஸ்பெக்டர் நடத்துகிறார். யாரைப் பிடிப்பது, யாரை விடுவது, யார் சொல்வதைப் புகாராக எழுதுவது, யாரைத் திட்டித் துரத்துவது என்பதெல்லாம் ஸ்டேஷனில் முடிவாகின்றன. அவருக்கு மேலே எஸ்.பி., பக்கத்தில் ஆட்சியர், தெருவிளக்குக்கும் கழிப்பறைக்கும் மாநகராட்சி. வன்முறையை அனுமதிப்பதும் தடுப்பதும் இவர்கள் கையில் இருக்கிறது. இவர்களை நாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நிற்க வைக்க முடியும். நம் பலம் இருப்பதும் இங்கேதான்.

பிடித்துக்கொண்டு போவது எப்படி வேலை செய்கிறது என்று கிட்ட நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். மாதக் கடைசியில் கேஸ் கணக்கு குறைந்தால் ரோந்து வண்டி பஸ் ஸ்டாண்டுக்கு வரும். சென்னையில் வேலை செய்த தோழர்கள் '75 கேஸ்' என்ற பேச்சைக் கேட்டிருப்பீர்கள்; மாநகரக் காவல் சட்டத்தின் 75ஆம் பிரிவு, பொது இடத்தில் ஒழுங்கீனமாக நடந்ததாகப் போடும் பெட்டி கேஸ். காலையில் கோர்ட், அபராதம், பேப்பர் எழுதுகிறவருக்குக் கொஞ்சம், ஆட்டோவுக்குக் கொஞ்சம். கையில் இல்லாத பணத்தை மீட்டர் வட்டிக்கு வாங்கிக் கட்டிவிட்டு வெளியே வருகிறாள். அன்று ராத்திரியே அதைத் திருப்பியாக வேண்டும். அதனால் வழக்கமாக வேண்டாம் என்று ஒதுக்குகிற ஆளோடு போகிறாள். குடித்திருப்பவனோடு போகிறாள். ஆணுறை போடமாட்டேன் என்பவனுக்கும் தலையாட்டுகிறாள். ரோந்து வண்டியின் கண்ணில் படாமலிருக்க, விளக்கு எரியும் கடை வாசலை விட்டுவிட்டு இருட்டுக்குள் நகர்கிறாள். வண்டிக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கவும், நம்பர் பிளேட்டை மனசில் வாங்கிக்கொள்ளவும், கூட நிற்பவளிடம் சொல்லிவிட்டுப் போகவும் அரை நிமிடம் வேண்டும். பிடிபடும் பயத்தில் அந்த அரை நிமிடம் அவளுக்குக் கிடைப்பதில்லை. தெருவைச் சுத்தம் செய்யச் சொல்லிக் குடியிருப்போர் சங்கம் கொடுத்த மனுவில் கையெழுத்துப் போட்ட நம் தோழர்களும் சில ஊர்களில் உண்டு. அவர்களைக் கையைப் பிடித்துக் கேட்கிறேன்: அந்தப் பெண்கள் எங்கே போனார்கள் என்று பிறகு விசாரித்தீர்களா? பைபாஸ் ரோட்டுக்குப் போனார்கள். அங்கே கத்தினாலும் ஒருவருக்கும் கேட்காது.

புகார் கொடுக்கப் போனால் என்ன நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மாவட்டத் தலைநகரில், புருவத்தில் தையலோடு வந்த ஒரு பெண்ணுக்குத் துணையாக நான் ஸ்டேஷனுக்குப் போனேன். மூன்று பேர் சேர்ந்து அடித்திருந்தார்கள். அதில் ஒருவனின் பைக் நம்பர் அவளுக்கு மனப்பாடம். ரைட்டர் அந்த நம்பரைக் கேட்கவே இல்லை. "அந்நேரத்துல அங்க உனக்கு என்ன வேலை?" என்றுதான் கேட்டார். அதையே மூன்று விதமாகத் திருப்பித் திருப்பிக் கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கடைசியில் எஃப்.ஐ.ஆர். போடவில்லை, புகார் வந்தது என்று மட்டும் சொல்லும் சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார்கள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது, நான் வாசித்துக் காட்டினேன். முன்பின் தெரியாத நபர்களுடன் ஏற்பட்ட வாய்த்தகராறு என்று அதில் எழுதியிருந்தது. முழுக்கக் கேட்டுவிட்டு, "அக்கா, இதுல என் கண்ணு எங்க இருக்கு?" என்றாள். வெளியே வந்ததும் ரசீதை நாலாக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாள். அந்த மூன்று பேரில் இரண்டு பேர் மறுவாரமே அதே இடத்துக்கு வந்து நின்றார்கள்.

தோழர்களே, அந்த ரைட்டர் அன்று செய்தது சட்டப்படியே தவறு. புகார் பாலியல் வன்முறை பற்றியதாக இருந்தால், அதைப் பதிவு செய்ய மறுக்கும் அரசு ஊழியருக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 199ஆம் பிரிவு ஆறு மாதத்துக்குக் குறையாமல் இரண்டாண்டு வரை கடுங்காவல் விதிக்கிறது. எல்லை எங்களுடையது இல்லை என்று சொல்லித் தட்டிக்கழிக்கவும் வழியில்லை; எந்த ஸ்டேஷனிலும் புகாரை வாங்கியாக வேண்டும் என்று 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. பாதிக்கப்பட்டவளின் 'நடத்தை'யைக் கோர்ட்டில் இழுத்து அவள் வாக்குமூலத்தை மட்டம் தட்ட இடம் கொடுத்த சாட்சியச் சட்டத்தின் 155(4)ஆம் உட்பிரிவை 2002ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்திலேயே நீக்கிவிட்டார்கள். பாலியல் தொழில் செய்கிறவளோடு அவள் சம்மதமில்லாமல் உறவு கொண்டாலும் அது வல்லுறவுதான்; அவள் தொழிலை வைத்து விதிவிலக்கு எதையும் சட்டம் எழுதி வைக்கவில்லை.

இதையெல்லாம் விடப் பெரிய ஆயுதம் ஒன்று 2022 மே 19 முதல் நம் கையில் இருக்கிறது. அது வந்த கதையைத் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1999 செப்டம்பரில் கல்கத்தாவில், உடன்பட மறுத்த ஒரு பாலியல் தொழிலாளியை ஒருவன் தலைமுடியைப் பிடித்துத் தரையிலும் சுவரிலும் மோதிக் கொன்றான். புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கு என்று பெயர். 2011 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவன் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. அதோடு விடாமல் பாலியல் தொழிலாளர்களின் நிலையைப் பொதுநல வழக்காக எடுத்துக்கொண்டது, குழு அமைத்தது. பதினொரு ஆண்டு கழித்து நீதிபதி எல். நாகேஸ்வர ராவ் தலைமையிலான அமர்வு உத்தரவு பிறப்பித்தது. பாலியல் வன்முறைக்கு ஆளான பாலியல் தொழிலாளிக்கு மற்ற எந்தப் பெண்ணுக்கும் கிடைக்கும் உடனடி மருத்துவ உதவி உட்பட எல்லா வசதியும் தர வேண்டும். போலீஸ் அவர்களை மரியாதையோடு நடத்த வேண்டும்; வாயாலும் கையாலும் துன்புறுத்தக் கூடாது.  பத்திரிகைகள் அவர்கள் அடையாளத்தை வெளியிடக் கூடாது. ஆணுறையைக் குற்றத்துக்குச் சாட்சியாகக் காட்டக் கூடாது.

ஆணுறை பற்றிய அந்த வரிக்குத் தமிழ்நாட்டில் தனி அர்த்தம் இருக்கிறது. 1986இல் இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது சென்னையில்தான். மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சோதித்த ரத்தம் மயிலாப்பூர் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பெண்களுடையது. அந்தப் பெண்கள் ஒத்துழைக்காமல் நோயைத் தடுக்க முடியாது என்று அரசு மெல்லப் புரிந்துகொண்டது. 1994இல் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் பிறந்தது. அதற்குப் பிறகு அரசே தெருத் தெருவாக ஆணுறை கொடுத்தது. அதே ஆணுறையை ஹேண்ட்பேக்கிலிருந்து எடுத்து மேசையில் எண்ணி வைத்துக் கேஸ் எழுதியதும் அரசின் போலீஸ்தான். எண்ணப்படும் பயத்தில் பெண்கள் ஆணுறை வைத்துக்கொள்வதையே விட்டுவிட்டால் யாருக்கு நல்லது?

ஆகவே முதல் கோரிக்கை எஸ்.பி.யிடம், மாநகரங்களில் ஆணையரிடம். என் மனசுக்கு மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் முக்கியம். புகார் கொடுக்க வரும் பாலியல் தொழிலாளி மீது அந்தப் புகாரை வைத்தே வழக்குப் போடக் கூடாது, அவர் எங்கே நின்றார், எதற்கு நின்றார் என்பது விசாரணைக்குத் தேவையில்லாதபோது கேட்கவே கூடாது, எஃப்.ஐ.ஆர். போட வேண்டிய புகாருக்கு சி.எஸ்.ஆர். கொடுத்து அனுப்பக் கூடாது. முகவரியும் தொழிலும் பத்திரிகைக்குப் போகக் கூடாது. இவ்வளவையும் எழுத்துப்பூர்வச் சுற்றறிக்கையாக எல்லா ஸ்டேஷனுக்கும் அனுப்ப வேண்டும், உச்ச நீதிமன்ற உத்தரவின் தமிழ்ச் சுருக்கத்தோடு சேர்த்து. வாய்மொழியாகச் சொல்லிவிட்டேன் என்று அதிகாரி சிரித்துக்கொண்டே கைகொடுத்தால் ஏற்காதீர்கள். ரைட்டர் பயப்படுவது தாளுக்குத்தான்.

இது நடக்காத காரியம் என்று யாராவது சொன்னால் சான் பிரான்சிஸ்கோவைக் காட்டுங்கள். 2018 ஜனவரியில் அந்த நகரத்தின் போலீஸும் அரசு வழக்கறிஞர் அலுவலகமும் ஒரு கொள்கையை அறிவித்தன: வன்முறைக் குற்றத்தைப் புகார் செய்ய வருகிறவரைப் பாலியல் தொழிலுக்காகக் கைது செய்ய மாட்டோம். பாலியல் தொழில் அங்கே சட்டவிரோதமாகவே இருந்தது. சட்டம் மாறாமலே ஒரு நகரம் அப்படி முடிவெடுத்தது. மறு ஆண்டு கலிஃபோர்னியா மாநிலம் முழுவதற்கும் அதைச் சட்டமாக்கினார்கள். ஆணுறையைச் சாட்சியாக்கக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொண்டார்கள். ஊர் முந்திக்கொண்டது, மாநிலம் பின்னால் வந்தது. இங்கிலாந்தில் லிவர்பூல் நகரைப் பார்க்கும் மெர்சிசைடு போலீஸ் 2006 முதல் பாலியல் தொழிலாளர் மீதான தாக்குதலை வெறுப்புக் குற்றமாகக் கணக்கில் எடுத்தது. அங்கும் நாடாளுமன்றம் அசையும்வரை யாரும் காத்திருக்கவில்லை.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். பக்கத்துக் கர்நாடகத்தில் எச்.ஐ.வி. தடுப்பு வேலையோடு சேர்த்து வன்முறைத் தடுப்பையும் கையில் எடுத்தார்கள். பாலியல் தொழிலாளர்களையே பயிற்சி கொடுத்துக் குழுக்களாக்கினார்கள். அடி விழுந்தது என்று போன் வந்தால் அந்த நேரமே குழு போகும், ஸ்டேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கூடவே போகும், வழக்கறிஞர் இருப்பார். இன்னொரு பக்கம் காவலர்களுக்கு வகுப்பு எடுத்தார்கள். 2010இல் வெளியான ஆய்வு, கடந்த ஓராண்டில் அடிக்கோ வல்லுறவுக்கோ ஆளானதாகச் சொன்ன பெண்களின் அளவு ஒரு கணக்கெடுப்பில் 13 சதவீதத்திலிருந்து 9 சதவீதமாக இறங்கியதைப் பதிவு செய்தது. வன்முறைக்கு ஆளான பெண்களிடையே ஆணுறைப் பயன்பாடு குறைவு என்பதையும் அதே ஆய்வு காட்டியது. 9 சதவீதமும் பெரிய கொடுமைதான். ஆனால் குறைக்க முடியும் என்பதற்கு நம் மண்ணுக்கு அடுத்த மண்ணிலேயே சாட்சி இருக்கிறது.

ஆட்சியரிடம் கேட்க வேண்டியது வேறு. கோயில், பள்ளி, விடுதி, ஆஸ்பத்திரி இவற்றிலிருந்து 200 மீட்டருக்குள் இந்தத் தொழில் குற்றம் என்கிறது விபச்சாரத் தடுப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவு. இன்னும் எந்தெந்தப் பொது இடங்களை அந்தப் பட்டியலில் சேர்க்கலாம் என்ற அதிகாரம் ஆட்சியருக்கும் காவல் ஆணையருக்கும் கொடுக்கப்பட்டிருக்கிறது. அந்த அதிகாரத்தைப் புதிதாகப் பயன்படுத்தாதீர்கள், ஏற்கெனவே அறிவித்தவற்றை மறுஆய்வு செய்யுங்கள் என்று கேட்போம். ஒரு பெண்ணை அவள் குடியிருக்கும் ஊரைவிட்டே போகச் சொல்லும் 20ஆம் பிரிவையும் அப்படியே. மாநிலத்தின் குண்டர் சட்டத்தின் பட்டியலில் விபச்சாரத் தடுப்புச் சட்டத்தின்கீழ்க் குற்றம் சாட்டப்பட்டவர்களும் வருகிறார்கள், தடுப்புக்காவல் ஆணையில் கையெழுத்துப் போடுபவர் ஆட்சியர் அல்லது ஆணையர் என்பதை மறக்காதீர்கள்.

விபச்சாரத் தடுப்புச் சட்டத்துக்குள்ளேயே நமக்குப் பயன்படும் கதவு ஒன்றும் இருக்கிறது, அதை யாரும் தட்டுவதில்லை. 13ஆம் பிரிவுப்படி, சிறப்புக் காவல் அதிகாரிக்கு ஆலோசனை சொல்ல அந்தப் பகுதியின் சமூகநலப் பணியாளர்கள் ஐந்து பேர் வரை கொண்ட குழுவை, இயன்ற இடத்தில் பெண்களையும் சேர்த்து, மாநில அரசு அமைக்கலாம். நம் மாவட்டத்தில் அப்படி ஒரு குழு இருக்கிறதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் இந்த வாரமே மனுப் போடுங்கள். இருந்தால் யார் யார், எப்போது கூடினார்கள் என்று கேளுங்கள். இல்லையென்றால் அமைக்கப் பரிந்துரைக்கும்படி ஆட்சியரை வற்புறுத்துங்கள். தெருவில் நின்று அனுபவப்பட்ட பெண்கள் அதில் உட்கார வேண்டும். சோதனைக்கு வரும் குழுவில் குறைந்தது இரண்டு பெண் காவலர்கள் இருந்தே ஆக வேண்டும் என்று 15ஆம் பிரிவு சொல்வதையும் அந்தக் குழு கண்காணிக்கட்டும்.

ஆஸ்பத்திரி விஷயம் சுருக்கமானது. வல்லுறவுக்கு ஆளானவருக்கு அரசு, தனியார் எந்த மருத்துவமனையும் உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். போலீஸ் மெமோ கொண்டுவா என்று திருப்பி அனுப்புவது குற்றம். மருத்துவப் பணிகள் இணை இயக்குநரிடம் இதை உத்தரவாக எழுதி வாங்கி அவசர சிகிச்சைப் பிரிவின் சுவரில் ஒட்ட வைக்க வேண்டும். 181 உதவி எண்ணும் ஒருங்கிணைந்த சேவை மையமும் இவர்களுக்கும் சேர்த்துத்தான். அங்கே உட்காரும் ஊழியர்களுக்கு அது சொல்லப்பட்டிருக்கிறதா என்று நேரில் போய்க் கேளுங்கள்.

மாநகராட்சியிலும் நகராட்சியிலும் நம் கவுன்சிலர்கள் இருக்கிறார்கள். பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட மன்றங்கள் இவை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கத்தில் எரியாத விளக்குகளின் கம்ப எண்களை எழுதிக்கொண்டு போங்கள். ஒன்பது மணிக்குப் பூட்டும் கழிப்பறையை விடியும்வரை திறக்கச் சொல்லுங்கள். வீடற்றோருக்கான இரவுக் காப்பகத்தில் 'அந்த மாதிரிப் பெண்' என்று சொல்லி யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்று தீர்மானம் போடுங்கள். அடிபட்டு ஓடி வருகிறவள் விடியும்வரை உட்கார ஓர் அறை, ஒரு பாய், ஒரு போன். சும்மா பூட்டிக் கிடக்கும் சமுதாயக் கூடத்தின் ஒரு மூலையைக் கொடுத்தால் நம் ஆட்கள் நடத்திக்கொள்வார்கள்.

திருநங்கைத் தோழர்களை இதில் பின்வரிசையில் நிறுத்தாதீர்கள். தெருவில் முதல் அடி அவர்கள் மேல்தான் விழுகிறது. 2006இல் சென்னையில் காவலர்களின் தொடர் பாலியல் வதை தாங்காமல் ஒரு திருநங்கை தீக்குளித்து இறந்தார். அவருடைய சகோதரி கோர்ட்டுக்குப் போனார். 2007இல் சென்னை உயர் நீதிமன்றம் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. செத்த பிறகு கிடைத்த நீதி அது. உயிரோடு இருக்கிறவர்களுக்கு ஸ்டேஷனுக்குள் பாதுகாப்பு வேண்டும்.

இனி நமக்குள் இருக்கும் விவாதம். பாலியல் தொழில் உழைப்பா, சுரண்டலா என்று நம் கூட்டங்களில் மணிக்கணக்காகப் பேசியிருக்கிறோம். இரண்டு பக்கத்திலும் நேர்மையான தோழர்கள் இருக்கிறார்கள். பேசுங்கள், தொடர்ந்து பேசுங்கள். ஆனால் அந்த விவாதம் முடிந்தால்தான் அடிபட்ட பெண்ணோடு ஸ்டேஷனுக்குப் போவேன் என்று சொல்ல எவருக்கும் உரிமை கிடையாது. தேவதாசி முறைக்குள் தள்ளப்பட்டு அதிலிருந்து வெளியேறிப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், அந்த முறையால் லாபமடைந்த ஆண்களை நோக்கியும் விரலை நீட்டினார். இன்று மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டத்துக்கு அரசு அவர் பெயரை வைத்திருக்கிறது. அவர் வழி நடப்பதாகச் சொல்லிக்கொள்கிறவர்கள், துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு வேனில் ஏற்றப்படும் பெண்களின் படத்தைக் காலைப் பேப்பரில் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பக் கூடாது. அந்தப் படத்தில் லாட்ஜ் முதலாளி இருக்க மாட்டார், கஸ்டமர் இருக்க மாட்டார், கவனித்திருக்கிறீர்களா?

கடத்தலைப் பற்றிக் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். சிறுமிகளையும் விருப்பமில்லாதவர்களையும் இதில் தள்ளுகிறவனை விடக் கூடாது. அதில் ஒரு மயிரிழை விட்டுக்கொடுப்பும் நம்மிடம் இல்லை. ஆனால் புதிதாக ஒரு சின்னப் பெண் பூட்டிய அறைக்குள் கொண்டுவரப்பட்டிருக்கிறாள் என்பது முதலில் யாருக்குத் தெரியும்? அதே லாட்ஜில், அதே தெருவில் தொழில் செய்கிற பெண்ணுக்குத் தெரியும். அவள் பயமில்லாமல் ஸ்டேஷனுக்கு வந்து சொல்ல முடிந்தால்தான் அந்தச் சிறுமி வெளியே வருவாள். கல்கத்தாவின் சோனாகாச்சியில் 1995இல் உருவான தர்பார் என்ற பாலியல் தொழிலாளர் அமைப்பின் பெண்கள் இதைச் செய்து காட்டினார்கள்; புதிதாக வருகிறவர்களை விசாரித்து, சிறுமிகளையும் கட்டாயப்படுத்தப்பட்டவர்களையும் தடுத்து நிறுத்தத் தங்களுக்குள்ளேயே குழுக்கள் அமைத்தார்கள். வட்டிக்காரனிடமிருந்து விடுபட உஷா என்ற கூட்டுறவுச் சங்கத்தையும் நடத்துகிறார்கள். மீட்பு என்று சொல்லி வருகிற யாரையும் விட அவர்களுக்கு அந்தத் தெரு நன்றாகத் தெரியும்.

வேலைக்கு வருவோம். எந்தக் கிளையும் அந்தப் பெண்களைக் கேட்காமல் ஒரு வரிகூட எழுதக் கூடாது. ஆணுறை விநியோகம் செய்யும் களப்பணியாளர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள், அவர்களில் பலர் இதே தொழிலில் இருப்பவர்கள். முதல் பேச்சு அவர்களோடு. மத்தியானத்தில் போங்கள், ராத்திரியில் போனால் அவர்கள் பிழைப்பைக் கெடுப்பீர்கள். போட்டோ எடுக்காதீர்கள். பெயர் கேட்காதீர்கள், அவர்களாகச் சொன்னால் சொல்லட்டும். எந்த இடத்தில் அடி விழுகிறது, எந்த நேரம், எந்த ரோந்து வண்டி, எந்த விளக்கு எரியவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மனுவில் எது முதலில் வர வேண்டும் என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். நான் சுற்றறிக்கைதான் முதல் என்கிறேன். உங்கள் ஊர்ப் பெண்கள் கழிப்பறைதான் முதல் என்றால் கழிப்பறையே முதல்.

ஒவ்வொரு கிளையும் நாலு பேர் கொண்ட ஒரு குழுவைப் போடுங்கள்; அதில் ஒருவர் வழக்கறிஞராக இருந்தால் நல்லது, குறைந்தது இரண்டு பேர் பெண்களாக இருந்தே ஆக வேண்டும். ஒரு போன் எண் எந்நேரமும் எடுக்கப்பட வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு அந்தப் போன் அடித்தால் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறவர்கள் மட்டும் பெயர் கொடுங்கள். கட்சிக்காரர், சங்கத்துக்காரர், ஆசிரியர் என்று நாலு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் ரைட்டர் பேனாவைத் திறந்து எழுதுவார். இதை நாம் கூலித் தகராறிலும் நில வழக்கிலும் எத்தனையோ முறை பார்த்துவிட்டோம். இந்தப் பெண்களுக்காக மட்டும் அந்த பெஞ்சில் இதுவரை நாம் போதிய அளவு உட்காரவில்லை.

வருகிற திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம். மனுவை இரண்டு பிரதி எடுங்கள்: ஒன்று ஆட்சியருக்கு, இன்னொன்றில் பதிவு எண்ணும் முத்திரையும் வாங்கிக் கிளை அலுவலகத்தில் வையுங்கள். எஸ்.பி. அலுவலகத்துக்கும் அன்றே நடந்து போய்க் கொடுத்துவிடுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த திங்களும் போங்கள், அதற்கடுத்த திங்களும் போங்கள், ஒவ்வொரு முறையும் கூடுதல் ஆட்களோடு. எந்த ஊரில் எந்த உத்தரவு கிடைத்தது, எங்கே மறுத்தார்கள், மறுத்தவர் என்ன காரணம் சொன்னார் என்பதை நவம்பர் கடைசிக்குள் மாவட்டக் குழுவுக்கு எழுதி அனுப்புங்கள். மறுத்த ஊர்களின் பட்டியலோடு டிசம்பர் 17 அன்று எந்த அலுவலக வாசலில் உட்காருவது என்று அப்போது முடிவு செய்வோம்.